முடவன் கொம்புத் தேனுக்குத்தான் ஆசைப்படுகிறேன்

1

'முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட கதையா இருக்குதே' என்று ஒரு பேச்சு உண்டு. தேனுக்குப் பேர்போன கொல்லிமலையின் அடிவாரத்தில், முள்ளுக்குறிச்சியில் பிறந்தவன் நான். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப் போனவன். இந்தப் பழமொழியை என் ஆயுசில் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னார். பொண்ணு கேட்டுப் போன வீட்டில் சொன்னார்கள். போன மாசம் எங்கள் சபைக் கமிட்டிக் கூட்டத்தில், ஜெபம் பண்ணித் தொடங்கிய கூட்டத்தில், ஒரு மூப்பர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அப்படி என்ன கொம்புத் தேனைக் கேட்டுவிட்டேன்? புதுசாகக் கட்டிக்கொண்டிருக்கும் கோயிலுக்கு முன்வாசலில் பதினொரு படி. அந்தப் படிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி சிமெண்டில் ஒரு சாய்தளம். அவ்வளவுதான் கேட்டேன். 'முகப்பு அழகு கெட்டுப் போயிரும் தம்பி. பின்பக்கம் சாமான் ரூம் வழியா ஒண்ணு வெச்சுத் தர்றோம்' என்றார்கள்.

பின்பக்கம்! இந்த வார்த்தையைக் கேட்டதும் உங்களில் எத்தனை பேருக்குச் சுருக்கென்றது தோழர்களே? பண்ணையக்காரர் வீட்டுப் பின்பக்கம் நின்று கூழ் வாங்கினவர்கள் நாம். டீக்கடைப் பின்பக்கம் தனி கிளாஸைக் கழுவி வைத்தவர்கள் நாம். முன்வாசலில் மனுசனாக நுழையலாம் என்றுதானே எங்கள் தாத்தன் தொட்டிச்சாமியையும் கருப்பனையும் விட்டுவிட்டு ஏசுவிடம் வந்தான்? மூன்று தலைமுறை கழித்து அதே ஏசுவின் வீட்டில் எனக்குப் பின்பக்கம் காட்டுகிறார்கள். காட்டுகிறவர்களில் இரண்டு பேர் எங்கள் தெருக்காரர்கள், எங்கள் சனம். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சபையின் பேரை எழுதப் போவதில்லை. பயம் எல்லாம் இல்லை. பேரை எழுதினால் மற்ற சபைக்காரர்கள் 'நல்லவேளை நம்ம சபை இல்லை' என்று மூச்சு விட்டுக்கொள்வார்கள். யாரும் மூச்சு விட வேண்டாம். உங்கள் கோயில் வாசலுக்குப் போய் நின்று, எத்தனை படி என்று எண்ணிப் பாருங்கள்.

2

எங்கள் தெருவில் ஒரு பெண் பிள்ளை. பதினைந்து வயது. பிறவியிலேயே முதுகுத்தண்டில் குறை. இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. படிப்பில் கெட்டி. இந்த வருசம் திடப்படுத்தலுக்குப் பேர் கொடுத்தாள். வகுப்பு பழைய கட்டடத்தின் மாடியில். அவள் அப்பன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை முதுகில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினான். மூன்றாம் வாரம் அவனுக்குக் கிழங்கு பிடுங்குகிற வேலை; போகாவிட்டால் கூலி இல்லை. நாலாவது வாரமும் அப்படியே. ஐந்தாவது வாரம் ரெஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, 'பாடம் முழுசா வராதவங்களுக்குத் திடப்படுத்தல் கிடையாது, எல்லாருக்கும் ஒரே சட்டம்' என்றார் போதகர்.

அவள் அழவில்லை. என்னிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டாள். 'மாமா, நான் வரலைன்னு எழுதியிருக்காங்க. வர முடியலைன்னு எழுதச் சொல்லுங்க.'

மனுக்கொடுத்து, கையெழுத்து வாங்கி, கமிட்டியில் போய் மல்லுக்கட்டி நான் சொல்ல வந்ததையெல்லாம் அந்தப் பிள்ளை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். நம் சபைகளின் ரெஜிஸ்டரில் நாங்கள் எல்லாருமே 'வரவில்லை' என்றுதான் எழுதப்பட்டிருக்கிறோம். யார் வரவிடவில்லை என்பதற்கு அந்த நோட்டில் கட்டம் கிடையாது.

3

என் கதைக்கு வருகிறேன். 1984. எனக்குப் பன்னிரண்டு வயது. ராசிபுரம் பக்கம் ஒரு மைதானத்தில் சுகமளிக்கும் கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எங்கம்மா இருந்த ஒரே வெள்ளாட்டை விற்று, பஸ் சத்தத்துக்கும் காணிக்கைக்கும் காசு வைத்துக்கொண்டு என்னைக் கூட்டிப்போனாள். மேடையில் ஏற்றினார்கள். பிரசங்கியார் என் காலில் இருந்த இரும்புக் கம்பியையும் பூட்ஸையும் கழற்றி வீசச் சொன்னார். நடக்கச் சொல்லி மைக்கில் கட்டளை போட்டார். ஆயிரக்கணக்கான சனம் அல்லேலூயா போடுகிறது. இரண்டு எட்டு வைத்தேன். மூன்றாவது எட்டில் விழுந்து தாடை கிழிந்தது. 'வீட்டில் யாருக்கோ விசுவாசம் குறைவு' என்றார், அதையும் மைக்கில்தான்.

அன்றைக்கு விழுந்தது நானில்லை, எங்கம்மா. அந்த 'யாரோ' தான்தான் என்று முடிவு பண்ணிக்கொண்டாள். சாகிறவரைக்கும் வெள்ளிக்கிழமைகளில் பச்சைத் தண்ணி பல்லில் படாமல் கிடந்தாள். ஊரில் கேட்டால் 'போன சென்மத்துப் பாவம்' என்பார்கள். சபையில் கேட்டால் 'விசுவாசக் குறைவு' என்பார்கள். என்ன வித்தியாசம்? கர்ம வினைக் கொள்கைக்கு ஞானஸ்நானம் கொடுத்துப் பேர் மாற்றி உள்ளே உட்கார வைத்திருக்கிறோம். பிறவிக் குருடனைப் பார்த்து 'இது யார் செய்த பாவம்' என்று சீசர்கள் கேட்டபோது, இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று பட்டென்று சொன்னவர் ஏசு. அதை வாசிக்கிற சபை அதே கேள்வியை எங்கம்மாவிடம் நாற்பது வருசம் கேட்டது.

என்னை நடக்க வைத்தது எது தெரியுமா? எங்கப்பாவின் குத்தூசி. நாங்கள் வீட்டுக்குள் அரைத் தெலுங்கு பேசுகிற சக்கிலியச் சனம். அப்பா செருப்புத் தைக்கிறவர். பாதம் வளர வளர, ஆஸ்பத்திரியில் கொடுத்த பூட்ஸ் கடிக்கும். அப்பா அதைப் பிரித்து, உள்ளே பதமான தோல் வைத்து, கம்பி உறுத்தாமல் தைத்துக் கொடுப்பார். எந்த ஊழியக்காரரும் மேடையேறி அதைச் சாட்சி சொன்னதில்லை. ஏனென்றால் அதில் அற்புதம் இல்லை, உழைப்புத்தான் இருக்கிறது. அதுவும் தீட்டுப்பட்ட உழைப்பு.

இளம்பிள்ளை வாதம் எப்படி வருகிறது? வியாதிக்காரன் மலத்தில் இருக்கிற வைரஸ் தண்ணீரில் கலந்து இன்னொரு பிள்ளையின் வயிற்றுக்குள் போகிறது. ஊர்ச் சாக்கடை எந்தத் தெருவில் வந்து தேங்குகிறது, குடிதண்ணீர்க் குழாய் எந்தத் தெருவுக்குக் கடைசியாக வந்தது என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2014 மார்ச்சில் இந்தியாவில் போலியோ ஒழிந்துவிட்டதாகச் சான்றிதழ் கிடைத்தது. ஒழித்தது தடுப்பு மருந்து, வீடு வீடாகப் போன பெண்களின் கால்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டில் ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம். மொத்த மக்களில் 2.21 சதம். தலித்துகளில் மட்டும் எடுத்தால் 2.45 சதம். ஊனம் வானத்திலிருந்து விழுவதில்லை. பசியும் சாக்கடையும் ஆபத்தான வேலையும் எந்தச் சனத்தின் தலையில் கட்டப்பட்டதோ அந்தச் சனத்திடம் கூடுதலாக வந்து சேர்கிறது. இதை 'தேவசித்தம்' என்கிறவர் தேவன்மேல் பழி போடுகிறார்.

4

'கிறிஸ்தவ சபை உங்களுக்கு என்ன குறை வைத்தது? ஆஸ்பத்திரி கட்டவில்லையா, பள்ளிக்கூடம் கட்டவில்லையா?' என்பார்கள். கட்டியது. மறைக்க மாட்டேன். பாளையங்கோட்டையில் 1890களிலேயே பார்வையில்லாதவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் பள்ளிகள் தொடங்கியவர்கள் மிஷனரிப் பெண்கள். அவ்வளவு தூரம் போவானேன், எங்கள் மலையையே எடுத்துக்கொள்வோம்.

ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற வெள்ளைக்காரத் தம்பதி கொல்லிமலையில் ஊழியம் செய்தார்கள். அவர்கள் மகன் பால் பிராண்ட் 1914இல் பிறந்து இந்த மலையில் வளர்ந்தவர். சின்னப் பையனாக இருந்தபோது தொழுநோயாளிகள் மூன்று பேர் வீடு தேடி வந்ததையும், அப்பா கையுறை போட்டுக்கொண்டு அவர்கள் புண்ணைக் கழுவிக் கட்டியதையும், அவர்கள் உட்கார்ந்த இடத்தில் விளையாடக் கூடாது என்று தங்களைத் தடுத்ததையும் அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். உட்கார்ந்த இடத்தை விலக்கி வைப்பது! நமக்குத் தெரியாத பழக்கமா அது? அந்தப் பையன் வளர்ந்து டாக்டராகி 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் விரல் அழுகி விழுகிறது என்றே உலகம் நம்பிக்கொண்டிருந்தது. நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால், சுட்டாலும் குத்தினாலும் உணராமல் கையும் காலும் காயப்பட்டுக் காயப்பட்டுத் தேய்கின்றன என்று அவர் விளக்கினார். மடங்கிப் போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவையைச் செய்தார். பாதத்தைக் காப்பாற்ற அறுவை மட்டும் போதவில்லை. மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர் வைத்த செருப்பு தேவைப்பட்டது. எம்.சி.ஆர். செருப்பு என்பார்கள். வேலூரிலும் கரிகிரியிலும் அதை வெட்டித் தைக்கச் செருப்புத் தொழிலாளிகள் தேவைப்பட்டார்கள். கையை டாக்டர் நிமிர்த்தினார் என்றால் காலைச் செருப்புத் தைத்தவன் காப்பாற்றினான். டாக்டரைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன.

இப்போது அவர் அம்மா ஈவ்லினைப் பாருங்கள். 1929இல் புருசன் மலைக்காய்ச்சலில் செத்தார். எழுபது வயதை ஒட்டி மிஷன் ஓய்வு கொடுத்து ஊருக்குப் போகச் சொன்னது. அந்தக் கிழவி போகவில்லை; மறுபடி மலை ஏறினாள். விழுந்து எலும்பு முறிந்து கால்கள் தள்ளாடிப் போயின. இரண்டு மூங்கில் கழியை இரண்டு கையிலும் ஊன்றி நடந்தாள். முடியாதபோது மட்டக்குதிரையில் போனாள். 1974இல், தொண்ணூற்றைந்து வயதில் செத்தாள். கொல்லிமலையில் புருசனுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

எனக்கு அந்தக் கிழவிமேல் மரியாதை உண்டு. அவள் கதையை எங்கள் சபையில் வருசாவருசம் பிரசங்கத்தில் சொல்லுவார்கள். சனம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். நானும் கக்கத்துக் கட்டையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்பேன். ஒரு வருசம் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு மூங்கில் கழியோடு நடந்த ஒரு நொண்டிக் கிழவி இந்த மலைக்கே சபை நடத்தினாள் என்றால், ஒற்றைக் கட்டையோடு நடக்கிற நான் பீடத்தில் நின்று வேதபாடம் வாசித்தால் மட்டும் ஏன் 'பாக்க ஒரு மாதிரியா இருக்கும்' என்கிறீர்கள்?

மேரி வர்கீஸ் என்ற மலையாளி டாக்டரம்மா, பால் பிராண்டோடு வேலூரில் வேலை செய்தவர். 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை உருவாக்கினார். அவரையும் பிரசங்கத்தில் சொல்லுவார்கள். அவருடையது 'சாட்சி'. எங்கள் தெருப் பிள்ளையின் நாற்காலி மட்டும் 'ஜெபக் குறிப்பு'.

ஆக, ஊனம் என்றதும் சபை விரட்டிவிடுவதில்லை. யாருடைய ஊனம் என்று பார்க்கிறது. வெள்ளைத் தோலின் ஊனம் தியாகம். டாக்டரின் ஊனம் மன உறுதி. கூலிக்காரச் சக்கிலியன் ஊனம் பாவம், பரிதாபம், கிறிஸ்துமஸ் அன்றைக்கு ஒரு பெட்சீட். சாதியைப் படிப்படியான ஏற்றத்தாழ்வு என்றார் அம்பேத்கர். 1920இல் தொடங்கிய மூக்நாயக்கின் முதல் இதழிலேயே, இந்துச் சமூகம் ஏணியில்லாத அடுக்குமாடி என்று எழுதினார். ஒரு மாடியில் பிறந்தவன் அங்கேயே சாக வேண்டியதுதான். நம் சபையில் படிக்கட்டு இருக்கிறது, நல்ல பளிங்குப் படிக்கட்டு. கால் இருக்கிறவனுக்கு மட்டும்.

5

வேதத்தில் ஆதாரம் இருக்கிறது என்பார் சிலர். இருக்கிறது. லேவியராகமம் இருபத்தோராம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். குருடன், சப்பாணி, கை கால் ஒடிந்தவன், கூனன், குள்ளன் எவனும் ஆரோன் வம்சத்தில் பிறந்திருந்தாலும் பலிபீடத்தண்டை வரக்கூடாது. வந்தால் பரிசுத்த ஸ்தலம் தீட்டாகிவிடும். மனு என்ன எழுதினான்? ஒன்பதாம் அத்தியாயத்தில் குருடனுக்கும் செவிடனுக்கும் ஊமைக்கும் சொத்தில் பங்கில்லை என்றான். இருவருக்கும் ஒரே கவலை: சுத்தமான உடம்பு எது, தீட்டான உடம்பு எது. பறையன் சக்கிலியன் உடம்பை வெளியே நிறுத்திய புத்திதான் நொண்டி குருடு உடம்பையும் வெளியே நிறுத்தியது. கத்தோலிக்கச் சபையின் 1917ஆம் வருசத்துத் திருச்சட்டத்தில், ஊனத்தால் பீட ஊழியத்தைப் பாதுகாப்பாகவோ பார்வைக்குத் தகுந்த விதமாகவோ செய்ய முடியாதவன் குருவாக முடியாது என்று தடை இருந்தது. 1983இல் புதுச் சட்டம் வந்தபோது அந்தத் தடை நீங்கியது. சட்டப் புத்தகத்திலிருந்து போனது சரி. 'பாக்க ஒரு மாதிரியா இருக்கும்' என்ற எங்கள் மூப்பர் வாயிலிருந்து போகவில்லை. அவர் கத்தோலிக்கர்கூட இல்லை!

இன்னொரு சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் வருசத்து மணமுறிவுச் சட்டத்தை 2001இல் திருத்தினார்கள். பெண்களுக்கு நியாயம் செய்த நல்ல திருத்தம். அதே கையோடு, தீராத கொடிய தொழுநோய் இருந்தால் விவாகரத்து கேட்கலாம் என்று ஒரு பிரிவையும் சேர்த்தார்கள். கூட்டு மருந்து கொடுத்துத் தொழுநோயைக் குணமாக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது 1981இல். இருபது வருசம் கழித்து, தொழுநோயாளிக்கு ஆஸ்பத்திரி கட்டிப் பேர் வாங்கிய சமுதாயத்தின் சட்டத்தில் இது ஏறுகிறது. 2019இல்தான் பாராளுமன்றம் மற்ற மதச் சட்டங்களோடு சேர்த்து அதை நீக்கியது. புண்ணைக் கழுவியவர்களும் பந்தியில் பக்கத்தில் உட்கார வைக்கவில்லை.

அதே வேதத்தில் வேறு கதைகளும் இருக்கின்றன. இரண்டு காலும் முடமான மேவிபோசேத்தைத் தாவீது ராசா தன் பந்தியில் தினமும் உட்கார வைத்தான். கால் குணமாகட்டும், பிறகு சாப்பிடலாம் என்று சொல்லவில்லை. கப்பர்நகூமில் ஒரு திமிர்வாதக்காரனை நாலு பேர் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். கூட்டம் வழி விடவில்லை. என்ன செய்தார்கள்? பின்பக்கம் சாமான் ரூம் வழியாகப் போனார்களா? கூரையைப் பிரித்து உள்ளே இறக்கினார்கள். அடுத்தவன் வீட்டுக் கூரை! ஏசு கட்டடம் போச்சே என்று கத்தவில்லை. அவர்கள் விசுவாசத்தைத்தான் பார்த்தார். கட்டடத்தை உடைத்ததற்கு விசுவாசம் என்று பேர் வைத்தவரைக் கும்பிடுகிற சபை, பதினொரு படியின் முகப்பு அழகுக்காக ஒரு பிள்ளையை வாசலில் வைக்கிறது.

உயிர்த்தெழுந்தவர் சீசர்களுக்குக் காட்டியது என்ன? ஆணி துளைத்த கையையும் ஈட்டி குத்திய விலாவையும். எல்லாம் செய்ய வல்லவர் அந்தக் காயத்தை ஆற்றிக்கொண்டு வந்திருக்க முடியாதா? 1994இல் நான்சி ஐஸ்லேண்ட் என்ற அமெரிக்கப் பெண், தானும் ஊனமுற்றவர், ஊனமுற்ற கடவுள் என்றே ஒரு புத்தகம் எழுதி இதைக் கேட்டார். அதற்கு முன்பே நம் அரவிந்த் நிர்மல், கிறிஸ்து ஒரு தலித் என்று சொல்லி தலித் இறையியலைத் தொடங்கி வைத்தார். காயப்பட்ட கடவுளும் தலித் கடவுளும் ஒரே ஆள்தானே? அப்புறம் ஏன் நம் கூட்டங்களில் ஒருவர் வந்தால் மற்றவர் வாசலில் நிற்கிறார்?

6

அதனால் இப்போது நம் பக்கம் திரும்புகிறேன். கோபப்படாமல் கேளுங்கள்.

சபைக்குள் சாதியை எதிர்த்து நாம் சும்மா இருக்கவில்லை. வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிக்கொரு பக்கமாக நின்ற சுவர் 1910இல் இடிந்தது. திருச்சி மேலப்புதூர் கல்லறைச் சுவரை எதிர்த்துக் குரல் கொடுத்தோம். 2008இல் எறையூரில் அடி வாங்கினோம், திருப்பிக் கேட்டோம். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பறட்டை, தியாபிலஸ் அப்பாவு அண்ணன், பறையையும் கிராமத்து மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். 'ஒரே உலை' என்றார். ஒரே உலையில் பொங்கி ஒன்றாகத் தின்பதுதான் திருவிருந்து என்றார். எனக்கு இன்றைக்கும் அதுதான் வேதம்.

ஆனால் தோழர்களே, நாம் கூட்டம் போடுகிற ஹால் எங்கே இருக்கிறது? இரண்டாவது மாடியில், வாடகை குறைவு என்று. ஒரு தடவை, விடுதலை பற்றிய கருத்தரங்குக்கு என்னை இரண்டு தோழர்கள் கையைக் கோர்த்துத் தூக்கிப் போனார்கள். அன்பாகத்தான் தூக்கினார்கள். மேலே போனதும் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். மேடையில் பேசியவர், 'நாம் இனியும் ஊமைகளாய், முடவர்களாய் இருக்க முடியாது' என்று முழங்கினார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிய பிறகுதான் உறைத்தது. நம் அடிமைத்தனத்துக்கு உவமை வேண்டும்போதெல்லாம் ஏன் என் காலை எடுத்துக்கொள்கிறீர்கள்? 'பறப்பயல் மாதிரி' என்று ஒருத்தன் சொன்னால் வழக்குப் போடுகிற நாம், 'நொண்டிச் சாக்கு', 'குருட்டு நம்பிக்கை', 'செவிட்டு அரசாங்கம்' என்று எத்தனை தலையங்கம் எழுதினோம்?

பேரை மாற்றினால் போதும் என்று அரசாங்கம் நினைத்தது. நம்மை ஹரிசன் என்றார் காந்தி. சேரி சேரியாகவே இருந்தது. கருணாநிதி ஆட்சியில், 2010ஐ ஒட்டி, ஊனமுற்றோர் 'மாற்றுத்திறனாளி' ஆனோம். படி படியாகவே இருக்கிறது. கூப்பிடுகிற பேரில் மரியாதை வேண்டாமென்று சொல்லவில்லை. மரியாதை வாயோடு நின்றுவிட்டால் அது ஏமாற்று.

இன்னும் ஒன்று. தலித் கிறிஸ்தவனுக்கு 1950ஆம் வருசத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அட்டவணைச் சாதி உரிமை கிடையாது. மதம் மாறியதும் சாதி போய்விட்டதாம்! நாம் அதை எதிர்த்து டெல்லிவரைக்கும் போகிறோம், போக வேண்டும். ஆனால் டெல்லியில் கேட்கிற நியாயத்தை முள்ளுக்குறிச்சியில் கொடுக்க மாட்டோம் என்றால், நம் கோரிக்கை மனுவை எவன் மதிப்பான்? எங்கள் கமிட்டியில் பின்பக்கம் காட்டிய நம்மாள் இரண்டு பேரும் அந்த ஊர்வலத்தில் கொடி பிடித்தவர்கள்தான். ஒரு படி மேலே ஏறினதும் கீழே இருக்கிறவன் கையை மிதிக்கிற புத்தி சாதிக்காரனுக்கு மட்டும் சொந்தமில்லை.

7

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் எழுதி வைக்கிறேன். மாணவத் தோழர்கள் குறித்துக்கொள்ளட்டும். 2016ஆம் வருசத்து ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதன் இரண்டாம் பிரிவில் 'பொதுக் கட்டடம்' என்பதற்கு விளக்கம் இருக்கிறது. தனியார் கட்டடமானாலும் பொதுமக்கள் வந்துபோகிற கட்டடம் எல்லாம் அதில் அடக்கம். மதக் காரியங்களுக்கான கட்டடத்தையும் பேர் சொல்லியே சேர்த்திருக்கிறது. 44ஆம் பிரிவுப்படி, ஊனமுற்றோர் வந்துபோக வசதி இல்லாத கட்டடத்துக்குப் பிளான் அனுமதியும் முடிப்புச் சான்றிதழும் கொடுக்கக் கூடாது. 45ஆம் பிரிவு, ஏற்கனவே இருக்கிற பொதுக் கட்டடங்களை மாற்ற விதிகள் வந்ததிலிருந்து ஐந்து வருசம் கெடு வைத்தது. அந்தக் கெடு 2022இலேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரஜிவ் ரத்தூரி வழக்கில், இந்த வசதிகளை வெறும் பரிந்துரையாக விட முடியாது, கட்டாய விதி வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

நான் கமிட்டியில் இதைச் சொன்னபோது, 'கோயிலுக்குள்ள கோர்ட்டைக் கொண்டு வராதே' என்றார்கள். கோயிலுக்குள் கோர்ட்டைக் கொண்டுவர எனக்கும் ஆசையில்லை. ஏசு சொல்லிக் கேட்டிருந்தால் சட்டப் பிரிவு சொல்ல வேண்டிய வேலையே இல்லையே.

எங்கள் கோரிக்கை மூன்று.

ஒன்று, சாய்தளம் முன்வாசலில் வர வேண்டும். எல்லாரும் நுழைகிற வாசலில். சாமான் ரூம் வழியாக எங்களுக்கு மோட்சம் வேண்டாம்.

இரண்டு, அது பீடம்வரைக்கும் போக வேண்டும். கடைசி பெஞ்சுக்கே அப்பமும் ரசமும் கொண்டுவந்து கொடுப்பதைக் கருணை என்கிறீர்கள். டீக்கடையில் வெளியே கொண்டுவந்து கொடுத்ததும் கருணைதானா? எல்லாரோடும் முன்னால் வந்து கை நீட்ட வேண்டும் நாங்கள். வேதபாடம் வாசிக்கவும், கமிட்டியில் உட்காரவும், ஓட்டுப் போடவும், தகுதியிருந்தால் பிரசங்கம் பண்ணவும் வேண்டும்.

மூன்று, அற்புதம் கேட்டு எங்கள்மேல் கை வைக்கிறதை நிறுத்துங்கள். நாங்களாக வியாதிக்கு ஜெபம் கேட்டால் ஜெபியுங்கள். மற்றபடி எங்கள் காலைக் குணமாக்க வேண்டாம். உங்கள் கட்டடத்தைக் குணமாக்குங்கள்.

புதுக் கோயில் பிரதிஷ்டை சீக்கிரம் வருகிறது. தேதி குறித்ததும் எங்கள் தெருவில் முடிவு பண்ணியிருக்கிறோம். அந்தப் பிள்ளை சக்கர நாற்காலியில் முதல் படிக்குக் கீழே இருப்பாள். பக்கத்தில் நான் உட்காருவேன். அவள் அப்பன் அன்றைக்கு அவளைத் தூக்க மாட்டான். அவனும் கீழேதான் உட்காருவான். கால் நல்லா இருக்கிற எங்கள் தெருச் சனமும் படி ஏறப் போவதில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். எத்தனை பேர் சொன்னபடி நிற்பார்கள் என்று அன்றைக்குத் தெரியும். உலை வைத்துக் கஞ்சி காய்ச்சி அங்கேயே எல்லாரும் குடிப்போம். வருகிற பிஷப்போ பெரியவரோ யாராயிருந்தாலும் எங்களைத் தாண்டித்தான் படி ஏற வேண்டும். தாண்ட மனசு வராவிட்டால் எங்களோடு உட்கார்ந்து ஒரு வாய் குடிக்கட்டும், அதுவும் திருவிருந்துதான்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிற தோழர்கள் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தால் சந்தோசம். வர முடியாதவர்கள் உங்கள் ஊர்ச் சபையில், உங்கள் சங்க அலுவலகத்தில், அடுத்த கூட்டத்துக்கு முன் படியை எண்ணுங்கள். எண்ணி, யார் வரவில்லை என்று பாருங்கள். 'வரவில்லை' என்பதை அடித்துவிட்டு 'வர முடியவில்லை' என்று எழுதுங்கள். அதற்கப்புறம் சுத்தியலை எடுங்கள்.

கொம்புத் தேனைப் பற்றிக் கடைசியாக ஒன்று. எங்கள் மலையில் தேன் எடுக்கப் போகிற எவனும் தனியாகப் போவதில்லை. பாறை உச்சியில் கயிறு பிடிக்க நம்பிக்கையான ஆள் வேண்டும். கால் இருக்கிறவனுக்கே தேன் எட்டுவது இன்னொருத்தன் பிடியில்தான். முடவன் ஆசைப்பட்டதில் என்ன தப்பு? கயிறு பிடிக்க வேண்டியவர்கள் கை கட்டி நின்று பழமொழி சொன்னார்களே, அதுதான் தப்பு.